எழுதாத புத்தகத்தைப் பினாங்கில் வெளியிட்டது

பினாங்கு விமான நிலையத்தில் என்னை வரவேற்க வந்த குணசீலன் முதலில் என் கழுத்தைத் தேடினார், மாலை போடுவதற்கு. பிறகு என் முதுகுக்குப் பின்னால் எதையோ தேடினார்.

"பொட்டிங்க எல்லாம் எங்க சார்?"

நான் என் கைப்பெட்டியைக் காட்டினேன். நாலு சட்டை, சர்க்கரை மாத்திரை, ஒரு குடை.

"இது உங்க துணி. புத்தகப் பொட்டி?"

"எந்தப் புத்தகம்?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரே விஷயத்துக்குத்தான் சிரிக்கிறோம் என்று இருவருமே நம்பினோம். வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அவருடைய காரின் பின் இருக்கையில் நான் கைகூப்பியபடி படுத்திருந்தேன். ஆள் உயர அட்டை. தலை மட்டும்தான் என்னுடையது. கழுத்துக்குக் கீழே யாரோ கட்டுமஸ்தான ஆள்.

"போன வருஷம் தமிழ்நாட்டுலேர்ந்து வந்த கவிஞரோட கட்-அவுட் சார். நல்ல அட்டை. தூக்கிப் போட மனசு வரல. தலைய மட்டும் மாத்தினோம்."

என்னுடைய, அதாவது கவிஞருடைய, காலடியில் எழுதியிருந்தது: 'கப்பல் மாமா வாழ்க்கை வரலாறு. நூல் வெளியீட்டு விழா. ஞாயிறு காலை. அனைவரும் வருக.'

அன்று வியாழக்கிழமை. அந்த நூலில் அதுவரை நான் எழுதியிருந்தது ஒரே ஒரு அத்தியாயம். அதுவும் மூன்றாவது.

கப்பல் மாமா யார் என்று சொல்லிவிடுகிறேன். இயற்பெயர் தணிகாசலம். பினாங்குத் துறைமுகத்தில் இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் குமாஸ்தா. வாரந்தோறும் இங்குள்ள பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் கதை எழுதி, ஒரு தலைமுறையையே தமிழ் படிக்க வைத்தவர். காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. எனக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சென்னையில் ஒரு பதிப்பாளர் வாழ்க்கை வரலாற்று வரிசை ஒன்றைத் திட்டமிட்டு எழுத்தாளர்களைக் கூப்பிட்டிருந்தார். நான் போக்குவரத்தில் மாட்டித் தாமதமாகப் போனேன். போய்ச் சேர்வதற்குள் விடுதலை வீரர்கள், விஞ்ஞானிகள், சங்கீத வித்வான்கள் எல்லாரையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கப்பல் மாமா மட்டும் மிச்சமிருந்தார், மதியச் சாப்பாட்டில் கடைசிப் பந்திக்குக் கிடைக்கும் கத்தரிக்காய் மாதிரி.

பினாங்கில் எனக்கு இரண்டு முகவரிகள் கிடைத்தன. ஒன்று, கப்பல் மாமா வாசகர் வட்டத்தின் செயலாளர் குணசீலன். இன்னொன்று, மாமாவின் ஒரே மகள் வசந்தா. இரண்டு பேருக்கும் எழுதினேன். குணசீலனின் மின்னஞ்சல்கள் 'பேரன்பும் பெருமதிப்பும் நிறைந்த' என்று தொடங்கி, மூச்சு வாங்காமல் ஒன்றரைப் பக்கம் ஓடும். மாமா எந்த ஊரில் பிறந்தார் என்று கேட்டால், 'தமிழின் மடியில்' என்று பதில் வரும். எப்போது துறைமுகத்தில் சேர்ந்தார் என்றால், 'கடல் உள்ளவரை அவர் அங்கேயே இருப்பார்' என்பார். அம்மையாரின் பதில்களோ தந்தி. 'தங்கள் கடிதம் கண்டேன். அடையாள அட்டையில் உள்ள பிறந்த வருடம் தவறு. அவர் சொன்னதும் தவறு. வசந்தா.' இன்னொன்று: 'ஆட்டைப் பற்றிக் கேட்க வேண்டாம். வசந்தா.'

நான் ஆட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஏனென்றால் மாமாவின் கதைகளில் வரும் சிறுமி பெயரும் வசந்தாதான். 'வாலில்லா வசந்தா.' துறைமுகக் கிடங்கு அதிகாரியின் தொப்பியை ஆட்டின் தலையில் மாட்டிவிட்டவள். டிபன் கேரியரில் உடும்பைக் கொண்டுபோனவள். பெரியம்மாவின் கைப்பைக்குள் தவளையை விட்டவள். குணசீலன் பத்திரிகையில் ஒரு அறிவிப்புக் கொடுத்த பிறகு எனக்கு வாசகர் கடிதங்கள் குவிந்தன. ஒருவருக்கும் மாமாவைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ('மாமா எனக்கு ஒரு பேனா பரிசளித்தார். அது எழுதவில்லை.') எல்லாரும் வசந்தாவைப் பற்றியே எழுதினார்கள். எனவே நான் மூன்றாம் அத்தியாயத்தை முதலில் எழுதினேன். கதையில் வரும் வசந்தா மாமாவின் மகளேதான், அத்தனை குறும்பும் நிஜம் என்று அடித்துச் சொல்லும் அத்தியாயம். சரிபார்க்கச் சொல்லிக் குணசீலனுக்கு அனுப்பினேன். அவர் அதை வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். கூடவே, 'நூல் வேலையாகப் பினாங்கு வருகிறேன்' என்று நான் எழுதியதையும்.

"குணசீலன், நான் விவரம் சேகரிக்க வந்திருக்கிறேன்" என்றேன். நாசி கண்டார் கடையில் உட்கார்ந்திருந்தோம். தட்டில் சோற்றின் மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, மாட்டிறைச்சிக் குழம்பு மூன்றையும் ஒன்றாக ஊற்றினார்கள். இதற்கு 'பஞ்சிர்' என்று பெயர், மலாய் மொழியில் வெள்ளம். எங்கள் ஊரில் ரசத்தைச் சாம்பார் தொட்டாலே சிலர் எழுந்து போய்விடுவார்கள். இங்கே மூன்று குழம்பும் ஒற்றுமையாக இருந்தன; சாப்பிட்டால் அதுதான் சரி என்று தோன்றியது.

"வெவரம் சேகரிக்கவா?" குணசீலன் கையை உதறினார். "அலமாக்! புத்தகம் எழுதறதுக்கு முன்னாடி யாரு சார் இங்க வந்திருக்கா? தமிழ்நாட்டுலேர்ந்து எழுத்தாளர் வர்றாருன்னா புத்தகத்தோடதான் வருவாரு. வெளியிடுவோம், மாலை போடுவோம், கொடிமலை சுத்திக் காட்டுவோம், அனுப்பி வைப்போம். அதானே வழக்கம்?"

யோசித்துப் பார்த்தேன். தப்புச் சொல்ல முடியவில்லை.

"சரி, விழாவைத் தள்ளி வையுங்கள்."

"டத்தோ தேதி குடுத்துட்டாரு சார்."

பட்டம் பெற்ற பெரிய மனிதர்களை இங்கே டத்தோ என்பார்கள். இந்த டத்தோதான் முதல் நூலைப் பெற்றுக்கொள்ள இருந்தவர். அமாவாசையைக்கூட ஒருநாள் முன்னேபின்னே நகர்த்தலாம் போலிருக்கிறது, டத்தோ கொடுத்த தேதியை நகர்த்த முடியாது. குழம்பு ஊற்றிய கடைக்கார அண்ணன் குனிந்து கேட்டார்: "கப்பல் மாமா புத்தகமா? எனக்கு ஒண்ணு எடுத்து வைங்கண்ணே. உடும்பு கத இருக்குல்ல?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. டத்தோ கிராமாட் என்ற பகுதியில் இருக்கும் வசந்தா அம்மையார் வீட்டுக்குக் குணசீலன் அழைத்துப் போனார். காரை இங்கே 'காடி' என்கிறார்கள். இந்தக் காடி பாதி வழியில் பெருமூச்சு விட்டு நின்றது. முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. குணசீலன் இறங்கி மூடியைத் திறந்து பார்த்தார், மருத்துவமனையில் உறவினரைப் பார்ப்பது போல.

"வீடு பக்கந்தான் சார். நேராப் போயி சோத்தாங்கை பக்கம். நான் வொர்க்ஷாப்காரனக் கூப்பிடறேன். ஒரு ஒதவி. இத எடுத்துட்டுப் போயிடறீங்களா? இழுத்துட்டுப் போறவன் ஒடச்சிடுவான்."

'இது' என்றது என்னை. எனவே பினாங்கின் வெயிலில், ஜாலான் டத்தோ கிராமாட் நடைபாதையில், என்னை நானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். காற்று வேறு. ஒரு திருப்பத்தில் கவிஞரின் உடம்பு என்னைச் சாலைக்கு இழுத்தது. எதிரே வந்த சீனத்துப் பெரியவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆங்கிலத்தில் கேட்டார்: "தேர்தலா?" இல்லை என்றேன். "நல்லது. உங்களுக்கு யாரும் போட மாட்டார்கள்" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வசந்தா அம்மையார் கதவைத் திறந்தார். அறுபதைத் தாண்டிய வயது. இஸ்திரி போட்ட புடவை, சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒருத்தர்தான வர்றதாச் சொன்னாங்க? சரி, அவர வெளிய நிறுத்திட்டு நீங்க வாங்க."

தேநீரும் கறிபாப்பும் வந்தன. கறிபாப் என்பது உருளைக்கிழங்கு மசாலா வைத்த, ஓரம் முறுக்கிய பண்டம். சோமாசியின் அக்கா என்று சொல்லலாம். நான் பேனாவை எடுத்தேன்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சார். மூணாவது அத்தியாயம் படிச்சேன்."

"எப்படி..."

"பாசார்ல மீன்காரம்மா போன்ல காட்டிச்சு. 'வசந்தா, ஒன்னப் பத்தி இந்தியாவுலயே எழுதிட்டாங்க லா'ன்னு ஒரே சந்தோசம் அதுக்கு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நான் ஸ்கூல்ல பிரிஃபெக்ட் சார். தெரியுமா ஒங்களுக்கு? மத்தப் பிள்ளைங்க சத்தம் போட்டா பேரு எழுதிக் குடுக்கறவ. என் வாழ்நாள்ல ஒரு ஆட்ட நான் தொட்டதில்ல."

"அப்படியானால் ஆடு?"

"அப்பா."

நான் கறிபாப்பைக் கீழே வைத்தேன்.

"தொப்பிய மாட்டிவிட்டது அப்பா. பந்தயம் கட்டிருக்காரு, ஒரு காப்பிக்கு. ஆபீஸ்ல புடிச்சிட்டாங்க. வெளக்கம் எழுதிக் குடுன்னு கேட்டாங்க. இவரு, 'என் மகள வேலைக்குக் கூட்டிட்டு வந்தேன், சின்னப்பிள்ள, தெரியாமப் பண்ணிட்டா'ன்னு எழுதிக் குடுத்தாரு. வேல தப்பிச்சிச்சு. அப்புறம் அவங்க நம்பணும்ல? அதையே கதையாக்கிப் பேப்பருக்கு அனுப்பினாரு. அதான் மொத கத. ஆபீசுக்கு இங்கிலீஷ்ல, பேப்பருக்குத் தமிழ்ல."

மலேசியத் தமிழ்ச் சிறுவர் இலக்கியத்தில் ஒரு பொற்காலம், ஆட்டு வழக்கில் எழுதிக்கொடுத்த விளக்கக் கடிதத்தில் தொடங்கியிருக்கிறது.

"உடும்பு?"

"அப்பா. லொங்காங்குல, அதான் சாக்கடைல, புடிச்சாரு. ஆபீசுக்குக் கொண்டு போனாரு."

"தவளை?"

"எங்க பெரியம்மா பையில போட்டாரு. அவங்களப் புடிக்காது. அந்த வாரம் நான் வீட்டுப்பாடம் எழுதிட்டிருக்கேன், பேப்பர் வருது, பாத்தா நான் தவள விட்டிருக்கேன்." குரல் உயரவே இல்லை, புகார் பதிவேட்டைப் படிப்பது போலச் சொன்னார். "என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப மாப்பிள்ள அம்மா கைப்பைய மடியிலயே இறுக்கிப் புடிச்சிட்டிருந்தாங்க. ரிட்டயர் ஆன அன்னிக்கு ஆபீஸ்ல ரப்பர் உடும்பு குடுத்தாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன், என்ன பண்றது?"

"உங்கள் அப்பாவிடம் கேட்டதில்லையா?"

"கேட்டேன். 'ஒன்ன மாதிரி அடக்கமான பிள்ளைய வெச்சு எப்படிம்மா கத எழுதறது?'ன்னாரு."

இதைச் சொன்னபோது மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே அட்டையில் நான் கைகூப்பிக்கொண்டிருந்தேன்.

அம்மையாரின் நிபந்தனை எளிமையானது. அந்தப் பிள்ளை நான் இல்லை என்று புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதினால் மாமாவைப் பற்றிய எல்லாவற்றையும் சொல்வார். இல்லையென்றால் தேநீரோடு சரி.  பதிப்பாளர் அட்டைப்படத்தையே வரைந்து வைத்திருந்தார், சிறுமியும் உடும்பும். உடும்போடு ஒரு நடுவயதுக் குமாஸ்தாவைப் போட்டால் எந்தக் குழந்தைக்கு அப்பா அம்மா வாங்கிக் கொடுப்பார்கள்? யோசிக்கிறேன் என்று நெளிந்தேன். நெளிவதில் எனக்குப் பல வருடப் பயிற்சி உண்டு.

"யோசிங்க. ஞாயித்துக்கெழம மண்டபத்துக்கு வர்றேன். மூணாவது வரிசையில ஒக்காருவேன். மேடையில என்ன சொல்றீங்கன்னு பாக்கறேன்."

சனிக்கிழமை சுங்கை பினாங்கில் குணசீலனின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். கூடம் முழுக்கப் பளபளக்கும் தாளில் சுற்றிய பொட்டலங்கள். குணசீலன் பல்லால் ஒட்டுநாடாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"புத்தகம் ரெடி சார்."

"எது?"

"போன வருஷம் டத்தோவோட கவிதத் தொகுப்பு வெளியிட்டோம்ல. மிச்சம் நெறைய இருக்கு. சைஸ் சரியா இருக்கும்."

"டத்தோவுக்கு அவருடைய புத்தகத்தையே கொடுக்கப் போகிறீர்களா?"

"யாரு சார் பிரிக்கப் போறா?" என்று அமைதியாகக் கேட்டார். "மேடையில பிரிக்க மாட்டாங்க, போட்டோவுக்கு நல்லா இருக்காது. வீட்டுக்குப் போயும் பிரிக்க மாட்டாங்க. பிரிச்சிருந்தா அந்தக் கவிதயப் படிச்சிட்டுப் போன வருஷமே நமக்குப் போன் பண்ணித் திட்டியிருப்பாங்க லா. நீங்க எழுதி அனுப்புங்க, அப்புறமா மாத்திக் குடுத்துடலாம்."

தமிழ்ப் பதிப்புலகம் பற்றி நான் கேட்ட மிகச் சரியான ஆய்வுரை அது. உட்கார்ந்து நானும் நாலைந்து பொட்டலம் சுற்றினேன். கைக்கு ஏதாவது வேலை இருந்தால் மனது மூன்றாவது வரிசையை நினைக்காது என்று நம்பினேன். நினைத்தது.

ஞாயிறு. மண்டபம் நிறைந்திருந்தது. டத்தோ வழக்கம்போல் தாமதமாக வந்ததால், விழா தாமதமாக வந்தவர்களுக்கும் தொடக்கத்திலிருந்தே கிடைத்தது. எங்கள் ஊரில் இவ்வளவு கூட்டம் வருவதென்றால் சினிமா நடிகர் வர வேண்டும். வாசலில் அட்டை நான் கைகூப்ப, குழந்தைகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நிஜ நான் அதே வாசலில் நுழைந்தபோது ஒரு அக்கா, "அண்ணே, கொஞ்சம் நவுருங்க, எழுத்தாளர மறைக்கறீங்க" என்றார்.

குணசீலன் வரவேற்றார். பிறகு டத்தோ பேசினார். சுற்றப்பட்ட பொட்டலத்தைக் கையில் உயர்த்தி, "இந்த நூல நேத்தே வாங்கி ஒரே மூச்சுல படிச்சு முடிச்சேன். ஒவ்வொரு பக்கத்திலயும் நம்ம வாழ்க்க தெரியுது" என்றார். பலத்த கைதட்டல். ஒரு விதத்தில் அது உண்மைதான். அவர் வாழ்க்கைதான் அது.

என் முறை வந்தது. ஒலிபெருக்கியைப் பிடித்தேன். மூன்றாவது வரிசை ஓரத்தில் வசந்தா அம்மையார், முதுகு நிமிர்த்தி, கைப்பை மடியில். பேர் எழுதிக் கொடுக்கப் போகிற முகம்.

இல்லாத புத்தகத்தைப் பற்றிப் பேசுவதில் ஒரு வசதி உண்டு, அதில் என்ன இருக்கிறது என்பதை அந்த நிமிடத்தில் தீர்மானிக்கலாம். "நண்பர்களே, நீங்கள் கைப்பேசியில் படித்த மூன்றாம் அத்தியாயம் தவறு. அதை மாற்றிவிட்டேன்" என்றேன். ஆடு, உடும்பு, தவளை, விளக்கக் கடிதம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாம் செய்தது கப்பல் மாமா. வசந்தா அம்மையார் அப்போதெல்லாம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்.

 குணசீலன் நாற்காலியில் சரிந்தார். மேடைக்குக் கீழே ஒரு அம்மா நெஞ்சில் கை வைத்து, "ஐயோ, அந்தக் கதயப் படிச்சிட்டுத்தான எம் மகளுக்கு வசந்தான்னு பேரு வெச்சேன்!" என்றார்.

"எம்மா, சும்மா இரு!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பழைய துறைமுகத் தொழிலாளி எழுந்தார். "சார் சொல்றது நெசம். ஆடு என்னோடது! நான்தான் புடிச்சிட்டு நின்னேன். தணிகாசலம்தான் மாட்டினான். 'வெளிய சொல்லாதடா, செயிக்கிற காப்பி ஒனக்குத்தான்'ன்னான், சொல்லல. இன்னிக்கு வரைக்கும் அந்தக் காப்பியும் வாங்கிக் குடுக்கல!"

ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. தலைகள் எல்லாம் மூன்றாவது வரிசைக்குத் திரும்பின, முதல் தடவை பார்ப்பது போல. பக்கத்தில் இருந்த பெண் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "அப்ப நீங்க ஒண்ணுமே பண்ணலியாக்கா?"

"ஒண்ணுமே பண்ணல" என்றார் வசந்தா அம்மையார்.

நான் எதிர்பார்த்த சந்தோஷம் அந்த முகத்தில் இல்லை. வழக்கை ஜெயித்து வெளியே வந்து, இனி எங்கே போவது என்று நிற்கிறவர் போல இருந்தார்.

பிறகு நூல் பெறும் படலம். எல்லாரும் வரிசையாக மேடையேறி, டத்தோ கையிலிருந்து ஆளுக்கொரு பொட்டலம் வாங்கி, படத்துக்குச் சிரித்து இறங்கினார்கள். குணசீலன் சொன்னது சரி, ஒருவரும் பிரிக்கவில்லை. கடைசியில் வசந்தா அம்மையார் வந்தார். பொட்டலத்தை வாங்கினார். படத்துக்குச் சிரிக்கவில்லை. அங்கேயே மேடை ஓரத்தில் நின்று, ஒட்டுநாடாவை நகத்தால் நெம்பி, தாள் கிழியாமல் பிரிக்க ஆரம்பித்தார்.

குணசீலன் என் கையைப் பிடித்தார். 

அம்மையார் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். அட்டையைப் பார்த்தார். அதில் டத்தோ கன்னத்தில் கை வைத்து அடிவானத்தை நோக்கிக்கொண்டிருந்தார். அம்மையார் எங்கள் இருவரையும் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மண்டபம் எங்களைத் தூக்கிக் கடலில் போட்டிருக்கும். கடலும் பக்கம்தான்.

சொல்லவில்லை. டத்தோவிடம் திரும்பினார். புத்தகத்தைக் கவிழ்த்து நீட்டி, குழந்தை மாதிரிக் குழைவாகக் கேட்டார்: "டத்தோ, நீங்கதான் முழுசும் படிச்சவரு. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்களேன்."

டத்தோ பெருந்தன்மையோடு பேனாவை எடுத்தார். முதல் பக்கத்தைத் திறந்தார். தன் படத்தைப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார். தன் கவிதையைப் பார்த்தார். அட்டையை மூடி மறுபடி பார்த்தார்.  மண்டபம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாகக் குணசீலன் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்:

"இது ரெண்டாவது பதிப்பா?"

"ஆமாம் டத்தோ" என்றார் குணசீலன். வேறென்ன சொல்வார்?

டத்தோ அகமகிழ்ந்து, பக்கம் முழுக்கக் கையெழுத்துப் போட்டார்.

வசந்தா அம்மையார் சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. குணசீலன் என் காதில், "பாத்தீங்களா சார்? நீங்க மொதல்ல எழுதினதுதான் சரி, கதயில வர்ற வசந்தா இவங்கதான்!" என்று சீறினார்.

அம்மையாருக்குக் கேட்டுவிட்டது. கண்ணைத் துடைத்து, புடவை மடிப்பைச் சரி செய்து, என் பக்கத்தில் வந்தார்.

"பேனா வெச்சிருக்கீங்களா சார்? இத எழுதிக்கோங்க. இது நான் பண்ணது."